வீட்டை மட்டும் எடுங்கள்

செங்கல்பட்டு
12-1-75

மதிப்பிற்குரிய அக்தர் பேகம் அம்மாவுக்கு, ஸ்டூடியோ சம்பத் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நலம். உங்கள் நலமும், கட்டிக் கொடுத்த ஊரில் உங்கள் மகள் சைதூன் தங்கச்சி நலமும் அறிய ஆவல். தங்கச்சி கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் என்ற உரிமையில்தான் போன மாதம் புதுப்பட்டினத்துக்கு வந்து உங்கள் தோப்பு வீட்டைப் படம் எடுக்க அனுமதி கேட்டேன். நீங்களும் மறுக்காமல் கொடுத்தீர்கள். டீயும் போட்டுக் கொடுத்தீர்கள்.

அதன் பலனை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பொங்கல் மலர். நடுப்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் கிணறு, உங்கள் மாமனார் காலத்துப் பச்சைக் கதவு, பின்னால் சவுக்குத் தோப்பு, கிணற்றடியில் குடத்தோடு திரும்பிப் பார்க்கும் உங்கள் வீட்டுப் பெண். முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அடியில் என் பெயரும் ஊரும். அந்தப் பெண்ணின் கழுத்தோரம் இருக்கும் தழும்பை மை தொட்டு மறைத்துவிடலாம் என்றார் ஆசிரியர். அதுதான் படத்துக்கு உயிர் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாளாகக் கடைத்தெருவில் என்னை நிறுத்திக் கை கொடுக்கிறார்கள். எல்லாம் உங்கள் புண்ணியம்.

தங்கள் அன்புள்ள,
சம்பத்


புதுப்பட்டினம்
16-1-75

தம்பி சம்பத்துக்கு, அக்தர் பேகம் எழுதுவது.

புத்தகம் வந்தது. பிரித்துப் பார்த்ததும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

உங்களிடம் நான் என்ன சொன்னேன்? வாசலில் வைத்துச் சொன்னேன், தோட்டக்காரர் திருவேங்கடமும் கேட்டுக்கொண்டிருந்தார். "வீட்டை மட்டும் எடுங்கள், கிணற்றை எடுங்கள், மரத்தை எடுங்கள். மனுஷரை எடுக்காதீர்கள்" என்றேன். நீங்கள் சரி என்றீர்கள். டீ போட நான் உள்ளே போன நேரத்தில் இதைச் செய்திருக்கிறீர்கள்.

நேற்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் பெயர் 'வேண்டா'. அதைக்கூட நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் சொன்னது இது: "கேமராவைத் தூக்கினாரும்மா. அம்மா சொன்னாங்களான்னு கேட்டேன். தலையாட்டினாரு. அதான் நின்னேன்."

தலையாட்டினீர்களா, தம்பி?

படத்தின் நெகடிவும், உங்களிடம் இருக்கும் பிரதிகளும் எனக்கு வந்து சேர வேண்டும். இந்தப் படத்தை இனி யாருக்கும் கொடுக்காதீர்கள். காரணம் கேட்காதீர்கள். கடிதத்தில் எழுதுகிற காரியம் இல்லை அது.

அக்தர் பேகம்


செங்கல்பட்டு
19-1-75

அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் என்னைப் புண்படுத்திவிட்டது. மறைப்பானேன்.

நான் சுவர் ஏறிக் குதித்து வந்தவன் இல்லை. உங்கள் அனுமதியோடு உள்ளே வந்தேன். நீங்கள் நிற்கச் சொன்ன இடத்தில்தான் நின்றேன். அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தேன். ஆள் இல்லாமல் வீட்டை மட்டும் எடுத்தால் அது வீட்டுத் தரகர் எடுக்கிற படம். பத்திரிகையில் போட மாட்டார்கள். தலையாட்டியது உண்மைதான். ஒரு நொடி. வெளிச்சம் மாறிவிடும். "இரும்மா, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்" என்றால் அந்த முகம் அப்படியே இருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

நெகடிவ் என் தொழில். எடுத்தவனுக்குத்தான் படம் சொந்தம், சட்டமும் அப்படித்தான் என்று எனக்குத் தெரிந்த வக்கீல் சொல்கிறார். வேண்டுமானால் பெரிய பிரிண்ட் ஒன்று போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு உங்களுக்குத் தருகிறேன்.

அந்தப் படத்தால் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. நேற்று ஒருவர் பத்திரிகைப் பக்கத்தைக் கிழித்து மடித்து எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். அந்தப் பெண்ணின் அண்ணனாம். கோபத்தில் வீட்டை விட்டு வந்தவளைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். வீட்டில் கல்யாணம் வருகிறதாம். கண்ணில் தண்ணீரோடு பேசினார். உங்கள் விலாசமும், எங்கே இறங்க வேண்டும் என்பதும் சொல்லி அனுப்பினேன். சீக்கிரம் வருவார். நீங்களும் சந்தோஷப்படுவீர்கள்.

சம்பத்


புதுப்பட்டினம்
22-1-75

சம்பத்,

அவளுக்கு அண்ணன் கிடையாது. தம்பியும் கிடையாது. ஐந்தும் பெண்ணாய்ப் பிறந்த வீட்டில் ஐந்தாவது. அதனால்தான் வேண்டா என்று பெயர் வைத்தார்கள்.

வந்தவன் அவள் புருஷன் உலகநாதனாகத்தான் இருக்க வேண்டும். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம், நெல் தரகு. கழுத்துத் தழும்பு படத்துக்கு உயிர் என்று எழுதினீர்களே, அது கொதிக்கிற கஞ்சியை அவன் ஊற்றிய இடம். இன்னும் தழும்புகள் இருக்கின்றன. படத்தில் தெரியாத இடங்களில்.

இரண்டு வருஷத்துக்கு முன் கோவளம் தர்காவில் மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவளை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். யார் என்று ஊரில் யாருக்கும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் பஷீருதீன் மௌத்தான பிறகு சவுக்குக்கட்டை வியாபாரத்தை நான் தனியாகப் பார்க்கிறேன். இந்த வீட்டில் அவளும் நானும்தான்.

இதை உங்களிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். அதற்குக் காரணமும் சேர்த்துச் சொன்னால்தான் கேட்பீர்களா?

அவன் எப்படி இருந்தான், என்ன பேசினான், எல்லாவற்றையும் உடனே எழுதுங்கள்.

அக்தர் பேகம்


செங்கல்பட்டு
24-1-75

அம்மா,

தபாலை நம்பாமல் கண்டக்டர் சுப்புராமன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் ஊர் வழியாகப் போகிற பஸ் அவருடையது. உறைக்குள் நெகடிவ் இருக்கிறது. பிரதிகள் எல்லாம் இருக்கின்றன. என்னிடம் இனி ஒன்றும் இல்லை.

கூடவே ஒரு சின்னப் படம் இருக்கிறது, பாருங்கள். அவன்தான். விலாசத்தை வாங்கிக்கொண்ட பிறகு, "வந்ததுக்கு எனக்கும் ஒரு படம் எடுத்துடுங்க" என்றான். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தான். வாங்கிக்கொள்ள வரவே இல்லை. அவனைக் கேட்காமல் அவன் படத்தை இன்னொருவருக்கு அனுப்புகிறேன். இதற்கு எந்த வக்கீலையும் கேட்கப் போவதில்லை. திருவேங்கடத்திடம் காட்டி வையுங்கள்.

அன்றைக்கு அவன் பேசியதெல்லாம் இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது. "வூட்ல எத்தினி பேரு கீறாங்க?" என்றான். அம்மா மட்டும்தான், ஒரு தோட்டக்காரர் என்றேன். "ஆம்பிளைங்க வேற யாரும் இல்லியா?" இல்லை என்றேன். "நாயி கீதா?" என்றான். அண்ணனுக்கு நாயைப் பற்றி என்ன என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பத்திரிகைப் பக்கத்தை மேஜையில் விரித்து, அவள் முகத்தின் மேல் கட்டைவிரலை வைத்தபடியே பேசினான். எழுந்து போகும்போதுதான் விரலை எடுத்தான். அங்கே மை கலைந்திருந்தது.

அழுதான், அம்மா. நான் அவனுக்கு சோடா வாங்கிக் கொடுத்தேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவளை மட்டும் வெளியே விடாதீர்கள்.

சம்பத்


புதுப்பட்டினம்
2-2-75

தம்பி சம்பத்துக்கு,

வந்துவிட்டான்.

முதல் நாள் கேட்டுக்கு வெளியே நின்று கும்பிட்டான். "நான் உள்ள வர்லம்மா. உங்க எடம். நீங்க கூப்ட்டாதான் வர்றது மரியாதை. நான் ரோட்டாண்டயே நின்னுக்கறேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அன்றிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறான், மாலை பஸ்ஸில் போகிறான். எதிரே புளிய மரத்தடியில் நிற்கிறான். கத்துவதில்லை, கல் எறிவதில்லை. கிணற்றடியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். எங்கே நின்றால் கிணறு தெரியும் என்பதை உங்கள் படத்திலிருந்துதான் கண்டுபிடித்திருப்பான்.

கிணற்றில் நான்தான் இறைக்கிறேன் இப்போது. வேண்டா உள் அறையை விட்டு வருவதில்லை. சாப்பாடு இறங்கவில்லை. "அவுரு ரோட்ல கீறாரா போய்ட்டாரா?" என்று மட்டும் கேட்கிறாள். இன்னமும் அவுரு என்றுதான் சொல்கிறாள்.

போலீஸில் சொல்லிப் பார்த்தேன். ஒரு கான்ஸ்டபிள் வந்து அவனோடு பேசிவிட்டு என்னிடம் வந்தார். "கவர்மெண்ட் ரோட்ல நிக்கற ஆளை இன்னான்னு சொல்லிப் புடிக்கறது, பீவிம்மா? உங்க எடத்துல காலு வெக்கல. அதுவும் புருஷன்காரன்." அவர் பொய் சொல்லவில்லை. நீங்களும் அப்படித்தானே எழுதினீர்கள், நிற்க விட்ட இடத்தில் நின்று, கண்ணுக்குத் தெரிந்ததைப் பார்த்தேன் என்று.

இது மட்டும் இல்லை. சாயந்திரம் டீக்கடையில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொள்கிறானாம். திருவேங்கடம் காதால் கேட்டது: "என் பொண்டாட்டி நெத்தியப் பாருங்க அண்ணாத்த. பொட்டு கீதா? மாத்திட்டாங்க." காலையில் முகம் கழுவிவிட்டுத் தண்ணீர் இறைக்க வந்தவளை நீங்கள் பிடித்துப் போட்டீர்கள். அது இப்போது சாட்சியாகிவிட்டது. நேற்று மரத்தடியில் அவனோடு வேறு நாலு பேர் நின்றார்கள். எனக்குத் தெரியாத முகங்கள். எங்கள் ஜமாத்தில் பெரியவர் சௌகத் அலி வந்து, "பேகம், அந்தப் பொண்ணை அனுப்பிடுங்க, ஊருக்குள்ள வம்பு வேணாம்" என்கிறார். இத்தனை வருஷம் அவர்களும் நாங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறோம். இந்தத் தெருவில் இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

இரண்டு பக்கத்திலும் எல்லாரும் நல்லவர்கள்தான். அதுதான் பயமாக இருக்கிறது.

அக்தர் பேகம்


செங்கல்பட்டு
6-2-75

அம்மா,

நேற்று அவன் கிராமத்துக்குப் போய் வந்தேன். அவன் உங்கள் ஊர் ரோட்டில் நிற்கிற நேரம்தானே என்று தைரியமாகப் போனேன். கோயில் படம் எடுக்க வந்தவன் என்று சொல்லிக்கொண்டேன்.

டீக்கடையில் அவனைப் பற்றி மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். கடைக்காரர் பக்கத்தில் யாரும் இல்லையா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கிளாஸைக் கழுவியபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இதுக்கு முன்னாடி அவன் கட்டினவ ஒருத்தி இருந்தா. சகுந்தலான்னு பேரு. கெணத்துல வுழுந்துட்டான்னு எழுதினாங்க. சித்திரை மாசம். கெணத்துல முட்டிக்கால் தண்ணி கூட இல்ல. இன்னாத்த சொல்றது?" அப்புறம், "நீங்க எந்த ஊரு? எதுக்குக் கேக்கறீங்க?" என்றார். எழுந்து வந்துவிட்டேன். பஸ் வரும்வரை நின்றிருந்தேன். தெருவில் ஒருவரும் என் பக்கம் வரவில்லை.

அவன் வீட்டையும் பார்த்தேன், ரோட்டிலிருந்துதான். பூட்டியிருந்தது. வாசலில் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறான். கேமரா தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை.

அம்மா, அவள் அங்கே இருக்கக் கூடாது. எனக்குத் தெரிந்தவரிடம் டாக்சி இருக்கிறது. நானே வருகிறேன். மெட்ராஸில் என் சித்தி வீடு இருக்கிறது, ஒரு மாதம் வைத்துக்கொள்வார்கள். இல்லை, வேறு இடம் நினைத்திருந்தால் சொல்லுங்கள். எங்கே என்று மட்டும் சொன்னால் போதும், கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். இதையாவது செய்ய விடுங்கள்.

சம்பத்


புதுப்பட்டினம்
11-2-75

தம்பி சம்பத்துக்கு,

நீங்கள் வர வேண்டாம். டாக்சியும் வேண்டாம். அவள் போய்விட்டாள்.

எங்கே என்று எழுத மாட்டேன். எப்படிப் போனாள் என்பதையும் எழுத மாட்டேன். ரோட்டு வழியாகப் போகவில்லை என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். நீங்கள் கெட்டவர் என்று நினைத்துச் சொல்லாமல் விடவில்லை. அழுகிறவனுக்கு சோடா வாங்கிக் கொடுக்கிறவர் நீங்கள். அதனால்தான்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் நின்னுருக்கக் கூடாதும்மா" என்றாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று பலமுறை சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியாது.

அவன் இன்னும் மரத்தடியில்தான் நிற்கிறான். அவள் உள்ளே இருக்கிறாள் என்றே நினைத்திருக்கிறான். நான் இரண்டு பேருக்குச் சோறு வடிக்கிறேன். இரண்டு புடவை துவைத்துக் காயப் போடுகிறேன். எத்தனை நாளைக்கு இது ஓடும் என்று தெரியவில்லை. தெரிந்துபோனால் என்னிடம் வருவான். அல்லது உங்களிடம் வருவான். ஸ்டூடியோவைச் சில நாள் மூடிவிட்டு எங்கேயாவது போய் இருங்கள்.

அக்தர் பேகம்


செங்கல்பட்டு ஆஸ்பத்திரி
25-2-75

அம்மாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

உங்கள் பேச்சைக் கேட்டு மூடியிருக்கலாம். நான் மூடவில்லை. அவனுக்கு வழி சொன்ன இடத்திலேயே இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அவள் அங்கே இல்லை என்று எப்படியோ தெரிந்துகொண்டு போன வாரம் வந்தான். வாடிக்கைக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். "அவ எங்க?" தெரியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். படம் எடுக்க வந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இது என் கடை, வெளியே போ என்றேன். "கடைன்னா நாலு பேரு வர்ற எடந்தான? நீ அந்த வூட்டுக்குள்ள போனியே, ஒழுங்கா கேட்டுக்கினா எடுத்த? என் பொண்டாட்டிய எடுத்தியே, என்னாண்ட கேட்டியா?" என்றான்.

 அவனைக் கேட்டிருக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கேட்டிருக்க வேண்டியவள் தானாகவே என்னைக் கேட்டாள். அதற்குத்தான் நான் பொய்யாகத் தலையாட்டினேன்.

நேற்று முன்தினம் நெகடிவைக் கேட்டான். "காணவில்லைன்னு போட்டு ஊர் ஊரா ஒட்டணும். எரநூறு காப்பி போட்டுக் குடு." என்னிடம் இல்லை என்றேன். நம்பவில்லை. இருட்டறைக் கதவை உதைத்துத் திறந்தான். பெட்டி பெட்டியாகக் கொட்டினான். எத்தனை வீட்டுக் கல்யாணங்கள், எத்தனை குழந்தைகள், எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு தேடினான். தடுக்கப் போனேன். கேமரா ஸ்டாண்டை எடுத்து அடித்தான். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. மறுபடி அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு, "எங்க கீறா, சொல்லிடு" என்றான்.

அம்மா, இதை மட்டும் உங்களிடம் மறைக்கக் கூடாது. தெரிந்திருந்தால் அப்போது சொல்லியிருப்பேன். அவ்வளவு வலி. தெரியாததால்தான் சொல்லவில்லை.

பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்து பிடித்துக் கொடுத்தார்கள். இந்தத் தடவை போலீஸ் எழுதிக்கொண்டது. அத்துமீறி நுழைந்தது, அடித்தது. ஆனால் ஜாமீனில் வந்துவிடுவான் என்கிறார்கள். உங்களுக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவள் எங்கே என்று இனி நான் கேட்க மாட்டேன். கை ஆறி, எல்லாம் அடங்கி, ஒருநாள் நல்ல எண்ணத்தோடு கேட்டாலும் சொல்லாதீர்கள்.

சம்பத்


புதுப்பட்டினம்
12-3-75

தம்பி சம்பத்துக்கு,

நீங்கள் எழுதியபடியே நடந்தது. நேற்றுக் காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். மரத்தடியில் நின்றான். இப்போது கும்பிடுவதில்லை, சிரிப்பதும் இல்லை. இளைத்திருக்கிறான். கூட வந்தவர்கள் யாரும் இல்லை. உங்களை அடித்த செய்தி டீக்கடைக்கு எட்டியதும் அந்த நாலு பேரும் ஒதுங்கிவிட்டார்கள் என்று திருவேங்கடம் சொன்னார். ஆனால் தனியாக நிற்கிறவனைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அவன் பார்ப்பது இப்போது கிணற்றை இல்லை. என்னை.

திருவேங்கடம் கேட்டைப் பூட்டச் சொன்னார். பூட்டவில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் கேட்டுக்கு உள்ளே, என் மண்ணில், அவனுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன்.  வெயில் ஏறியது. போகிற வருகிற ஜனங்கள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே போனார்கள். மத்தியானத்துக்கு மேல் சௌகத் அலி பாய் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். இன்னொரு நாற்காலி கேட்டார். கடைசி பஸ்ஸுக்குத்தான் அவன் போனான்.

இன்றும் வந்திருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். யாருக்கு எழுதுகிறேன், என்ன எழுதுகிறேன் என்று அவன் மனசு ஓடுவது இங்கிருந்தே தெரிகிறது. நாளைக்கும் வருவான். எதுவரைக்கும் என்று எனக்குத் தெரியாது. நானும் உட்காருவேன்.

வலியில் சொல்லியிருப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். அதை எழுதியதற்காக உங்கள்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதி இருக்கிறது. இருக்கட்டும்.

வேண்டா உங்கள் கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். எங்கிருந்து கேட்டாள் என்று எழுத மாட்டேன்.

அக்தர் பேகம்